வரத்து வாய்க்கால் செய்திக்கு ஒரு கோடி ரூபாய் நோட்டீஸ்: என்ன செய்யலாம்?

கெடிலக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கடலூரில் ஒரு மாதப் பத்திரிகைக்கும் அதன் யூடியூப் சேனலுக்கும் செய்தி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. எங்கள் பக்கத்து ஏரிக்கு வரும் வரத்து வாய்க்காலை மண் கொட்டி மூடி மனை போட்டிருப்பதைப் பற்றி ஒரு வீடியோ போட்டோம். கிராம நிலங்களின் வகையைச் சொல்லும் அ பதிவேட்டில் அந்த இடம் வாய்க்கால் புறம்போக்கு. நில அளவை வரைபடமான புலப்படத்திலும் வாய்க்கால் தெளிவாக இருக்கிறது. பாசனம் போன மூன்று விவசாயிகள் கேமரா முன்னால் பேசினார்கள். மனை விற்பவர்கள் தரப்பையும் போன் போட்டுக் கேட்டேன், பேச மறுத்துவிட்டார்கள்.

இப்போது சென்னை வக்கீல் ஒருவர் மூலமாகப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏழு நாளில் வீடியோவை எடுக்க வேண்டும், அடுத்த இதழில் நிபந்தனையற்ற மன்னிப்பு போட வேண்டும், ஒரு கோடி ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும். இல்லையென்றால் சிவில், கிரிமினல் இரண்டும் போடுவார்களாம். எங்கள் ஆசிரியர், "இப்போதைக்கு எடுத்துடு தம்பி, ஆறின பிறகு பாத்துக்கலாம்" என்கிறார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அச்சகத்துக்கே இரண்டு இதழ் பாக்கி.

எனக்கு வந்ததைக்கூடத் தாங்கிக்கொள்வேன். வீடியோவில் பேசிய விவசாயிகளில் ஒருவருக்கும் அதே நோட்டீஸ் போயிருக்கிறது. நேற்று அதை ரேஷன் கார்டு கவருக்குள் மடித்து வைத்து எடுத்துவந்தார். இங்கிலீஷில் ஆறு பக்கம். முழுசாகப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "வீட்டுக்கு ஜப்தி வருமா தம்பி?"

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மற்ற ஊர்களில், மற்ற நாடுகளில் இப்படி வந்தால் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றும் தெரிய வேண்டும்.

புதுவை_கறுப்புக்கோட்டு எழுதியது:

தம்பி, முதலில் அந்தப் பெரியவரிடம் போய்ச் சொல்லுங்கள்: நோட்டீஸை வைத்துக்கொண்டு யாரும் ஜப்திக்கு வர முடியாது. வழக்கு போட்டு, விசாரணை நடந்து, டிக்ரி (தீர்ப்பாணை) ஆகி, அதற்குப் பிறகு நிறைவேற்று மனு போட்டால்தான் ஜப்தி என்ற பேச்சே வரும். அவரை இன்றைக்கே தூங்க விடுங்கள்.

அடுத்து உங்களுக்கு. நோட்டீஸில் ஒரு கோடி என்று எழுத ஒரு பைசா செலவில்லை. அதையே சிவில் வழக்காகப் போட வேண்டுமென்றால் கேட்கிற தொகைக்கு ஏற்ப கோர்ட் ஃபீஸ் கட்டியாக வேண்டும். அதனால் இந்த மாதிரி நோட்டீஸ்களில் நிறைய நோட்டீஸோடு நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். அதற்காகப் பதில் கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் எந்த ஆவணம் ஆதாரம் என்று காட்டி, வக்கீல் மூலமாக மறுப்பு நோட்டீஸ் அனுப்புங்கள். அவர்கள் தரப்பு விளக்கம் கொடுத்தால் அதையும் வெளியிடத் தயார் என்று அதிலேயே எழுதுங்கள். பின்னால் கோர்ட்டில் உங்கள் நல்லெண்ணத்துக்கு அந்த ஒரு வரி சாட்சியாக நிற்கும்.

சிவில் அவதூறு வழக்குக்குக் காலவரம்பு ஒரு வருஷம். அதில் உண்மை என்று நிரூபித்தாலே போதும். கிரிமினல் அப்படியில்லை. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. அங்கே சொன்னது உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். பாசன வாய்க்கால் பற்றிய செய்தியில் அது கஷ்டமில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223ஆம் பிரிவில் ஒரு நல்ல விஷயம் சேர்ந்திருக்கிறது: தனிப்புகாரை மாஜிஸ்திரேட் கோப்பில் எடுப்பதற்கு முன்பு எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்க வேண்டும். கடலூரில் இருக்கிற உங்கள் மேல் வேறு ஊரில் புகார் கொடுத்தால், சம்மன் அனுப்பும் முன் விசாரிக்க வேண்டும் என்று 225ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டையும் உங்கள் வக்கீலுக்கு நினைவூட்டுங்கள்.

வெட்டாத மூல வீடியோவை அழித்துவிடாதீர்கள். எடுத்த போன், மெமரி கார்டு எல்லாம் அப்படியே இருக்கட்டும். மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது மூலம் கையில் இல்லையென்றால் சிரமம்.

பண்ருட்டிக்காரன் எழுதியது:

எல்லாரும் நிருபர் பக்கமே பேசுவீர்கள் என்று தெரியும். மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

நான் செக்கு எண்ணெய் வியாபாரம் செய்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் கழுத்தில் அடையாள அட்டை, கையில் மைக்கோடு இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். "உங்க எண்ணெய்ல கலப்படம்னு புகார் வந்திருக்கு, வீடியோ போட்டா வியாபாரம் போயிடும், தீபாவளி மலருக்கு ஒரு விளம்பரம் குடுத்துடுங்க" என்றார்கள். கொடுத்தேன். அடுத்த வருஷமும் வந்தார்கள். எங்கள் தெருவில் கொடுக்காத கடையே இல்லை. என் தாத்தா காலத்துப் பெயரை ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நாறடித்தால் நான் எங்கே போவது? அவதூறுச் சட்டமும் வேண்டாம் என்றால் எங்களுக்கு என்ன இருக்கிறது? ஒருவரின் நற்பெயரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றமே 2016ல் சொல்லித்தான் கிரிமினல் அவதூறுப் பிரிவு செல்லும் என்று தீர்ப்புக் கொடுத்தது.

கெடிலக்கரை மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

முதுநகர்_பழைய_டெஸ்க் எழுதியது:

பண்ருட்டிக்காரரே, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு நடக்கிறது. முப்பது வருஷம் டெஸ்க்கில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், அந்த ஆட்களால் எங்கள் தொழிலுக்கு வந்த கேடு கொஞ்சம் இல்லை. ஆனால் உங்களிடம் நடந்தது அவதூறு ஆகாது, மிரட்டிப் பணம் பறித்தல். அதற்குத் தனிச் சட்டப் பிரிவு இருக்கிறது, போலீஸ் நேராக வழக்குப் பதியலாம். ஒன்றையும் கவனியுங்கள்: விளம்பரம் வாங்கிக்கொண்டு போனவனுக்கு இதுவரை ஒரு நோட்டீஸ்கூடப் போகவில்லை. அ பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு எழுதியவனுக்குத்தான் ஒரு கோடி ரூபாய் நோட்டீஸ்.

தமிழ்நாட்டுக் கதையைச் சொல்கிறேன், இளையவர்கள் தெரிந்துகொள்ளட்டும். 1987ல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக அதன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் கொடுத்தது. எல்லாப் பக்கமும் கண்டனம் கிளம்பி, சில நாளில் விட்டார்கள். பிறகு அவர் நீதிமன்றம் போய் அந்தக் கைது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வாங்கினார். 2003 நவம்பரில் இந்து நாளிதழின் ஆசிரியர் குழுவுக்கும், முரசொலி ஆசிரியருக்கும் உரிமை மீறல் என்று சொல்லிப் பதினைந்து நாள் சிறை என்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. உச்ச நீதிமன்றம் தடை கொடுத்ததால் உள்ளே போகாமல் தப்பித்தார்கள்.

இதைவிட அடிக்கடி நடந்தது அரசு போடும் அவதூறு வழக்கு. சாதாரண மனிதன் அவதூறு வழக்கு போட்டால் அவனே மாஜிஸ்திரேட் முன்னால் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். முதலமைச்சரையோ அமைச்சரையோ விமர்சித்து எழுதினால், அரசு வழக்கறிஞரே நேராக செஷன்ஸ் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். பழைய நடைமுறைச் சட்டத்தில் அது 199(2). செலவு மக்கள் வரிப்பணம். எழுதியவன் வாய்தாவுக்கு வாய்தா சொந்தக் காசில் சென்னைக்குப் போய் நிற்க வேண்டும். இரண்டு கழக ஆட்சியிலும் இது நடந்திருக்கிறது. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப் பத்திரிகையாளர்கள் மேல் போடப்பட்டிருந்த ஒரு கட்டு வழக்குகளை மொத்தமாக ரத்து செய்தது. ஜனநாயகத்தின் குரல்வளையை நெரிக்க அரசு இந்தப் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அதில் சில வழக்குகள் எட்டு வருஷம் இழுத்தவை. அந்த எட்டு வருஷத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

நல்ல தீர்ப்பு ஒன்றும் நம் ஊரிலிருந்தே போனது. ஆட்டோ சங்கர் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை அதிகாரி தடுத்தபோது, 1994ல் உச்ச நீதிமன்றம் நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் வழக்கில் தெளிவாகச் சொன்னது: தங்களைப் பற்றித் தப்பாக வந்துவிடுமோ என்ற அச்சத்தில் ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் கிடையாது. அதே நக்கீரன் கோபாலை 2018ல் ஆளுநர் பற்றிய கட்டுரைக்காக இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஆம் பிரிவில் கைது செய்தார்கள். எழும்பூர் மாஜிஸ்திரேட் சிறைக்கு அனுப்ப மறுத்துவிட்டார். கீழ்க் கோர்ட்டில் ஒரு மாஜிஸ்திரேட் நிமிர்ந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று அன்றைக்குப் பார்த்தோம்.

மட்டுறுத்துநர்:

ஒரு வேண்டுகோள். அந்த மனைப்பிரிவின் பெயரையோ, அது இருக்கும் கிராமத்தின் பெயரையோ இந்த இழையில் யாரும் எழுத வேண்டாம். எழுதியிருந்த இரண்டு பதில்களை எடுத்துவிட்டேன். நம்முடைய தளத்தை மூன்று பேர் சொந்தச் செலவில் நடத்துகிறோம். நோட்டீஸ் வந்தால் எதிர்த்து நிற்க எங்களிடம் ஒன்றும் இல்லை. மன்னிக்கவும்.

கோலாலம்பூர்_தமிழன் எழுதியது:

மட்டுறுத்துநர் பயப்படுவதில் நியாயம் இருக்கு. எங்க நாட்டுல நடந்ததச் சொல்றேன். மலேசியாகினி செய்தித்தளத்துல ஒரு செய்திக்குக் கீழ வாசகர்கள் நீதித்துறையத் திட்டி அஞ்சு கருத்து எழுதிட்டாங்க. தளம் எழுதல, வாசகர் எழுதினது. போலீஸ் சொன்னதும் சில நிமிஷத்துல எடுத்துட்டாங்க. ஆனாலும் 2021 பிப்ரவரியில உச்ச நிலைக் கூட்டரசு நீதிமன்றம் நீதிமன்ற அவமதிப்புன்னு சொல்லி அஞ்சு லட்சம் ரிங்கிட் அபராதம் போட்டுச்சு. அரசுத் தரப்பு கேட்டதே ரெண்டு லட்சம்தான்.

மக்கள்கிட்ட நன்கொடை கேட்டாங்க. சில மணி நேரத்துல முழுத் தொகையும் சேர்ந்துச்சு. நானும் அம்பது ரிங்கிட் போட்டேன். ஆனா அன்னையிலேர்ந்து இங்க சின்னத் தளம் எத்தனையோ கருத்துப் பெட்டியையே யோசிச்சு யோசிச்சுத்தான் திறக்குது. மலேசியாகினிக்கு இருபது வருஷப் பேர் இருந்துச்சு, அஞ்சு லட்சம் சேர்ந்துச்சு. கடலூர் மாதப் பத்திரிகைக்கு யாரு சேர்ப்பா?

மூலக்குளம்_டீச்சர் எழுதியது:

நான் புதுச்சேரியில் வரலாறு நடத்துகிறேன். பாரதியார் இங்கே பத்து வருஷம் இருந்தார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். ஏன் வந்தார் என்று கேட்டால் "வெள்ளைக்காரனுக்குப் பயந்து" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது போதாது.

1908ல் சென்னையில் 'இந்தியா' பத்திரிகை மேல் ராஜத்துரோக வழக்கு வந்தது. சட்டப்படி ஆசிரியர் என்று பதிவாகியிருந்த சீனிவாசன் கைதாகித் தண்டனை அடைந்தார். பாரதி பிரெஞ்சு எல்லைக்குள் வந்தார், பத்திரிகையும் வந்தது. பிரான்சின் 1881ஆம் வருஷத்துப் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் அதன் காலனிகளுக்கும் பொருந்தும். அதனால் இங்கே அச்சடிப்பதை பிரிட்டிஷாரால் நேராகத் தடுக்க முடியவில்லை. அவர்கள் வேறு வழி பார்த்தார்கள். பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை போட்டார்கள். வாசகர்களும் சந்தாவும் எல்லைக்கு அந்தப் பக்கம்தானே. 1910ல் 'இந்தியா' நின்றது.

அதே வருஷம் வந்த பத்திரிகைச் சட்டம் இன்னும் நுட்பமானது. புதிதாக அச்சகம் வைப்பவர் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கட்ட வேண்டும். ஆட்சேபகரமாக ஏதாவது அச்சிட்டால் அந்தப் பணம் பறிமுதல். சிறைக்கு அனுப்ப வேண்டிய தேவையே இல்லாமல் எத்தனையோ அச்சகங்கள் மூடப்பட்டன.

1918 நவம்பரில் பாரதி எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே கைது செய்து கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் வைத்தார்கள். அன்னி பெசன்ட், சி. பி. ராமசாமி ஐயர், ரங்கசாமி ஐயங்கார் போன்றவர்கள் முயற்சியில் வெளியே வந்தார். விடுதலைக்கு நிபந்தனை உண்டு. திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்க வேண்டும், எழுதியதைப் போலீஸ் அதிகாரியிடம் காட்டிவிட்டுத்தான் வெளியிட வேண்டும். பாண்டியில் பத்து வருஷம் தாக்குப்பிடித்த கையை அந்த நிபந்தனைதான் கட்டிப்போட்டது என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் காலத்துச் சட்டங்கள் இன்னும் உயிரோடு உலாவுகின்றன. 1923ஆம் வருஷத்து அரசு ரகசியச் சட்டம் ஒன்று போதும். மியான்மரில் இன் டின் கிராமத்தில் பத்து ரொஹிங்கியா ஆண்கள் கொல்லப்பட்டதைத் துப்புத் துலக்கிய வா லோன், கியாவ் சோ ஊ என்ற இரண்டு ராய்ட்டர்ஸ் நிருபர்களை 2017 டிசம்பரில் போலீசாரே விருந்துக்கு அழைத்து, காகிதங்களைக் கையில் கொடுத்து, வெளியே வந்ததும் பிடித்தார்கள். ஏழு வருஷத் தண்டனை அதே சட்டத்தில்தான். ஐந்நூறு நாளுக்கு மேல் சிறையிலிருந்து பொதுமன்னிப்பில் வந்தார்கள். வங்கதேசத்தில் சுகாதாரத் துறை ஊழல்களை எழுதிய ரோஸினா இஸ்லாமை 2021ல் கைது செய்ததும் அதே 1923 சட்டத்தில். டெல்லியில் பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானி 2002ல் ஏழு மாதம் திகார் சிறையில் இருந்ததும் அதே சட்டத்தில், கடைசியில் அரசே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஹாங்காங்கில் ஸ்டாண்ட் நியூஸ் ஆசிரியர்கள் இருவரைக் குற்றவாளிகள் என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது பிரிட்டிஷ் காலத்து ராஜத்துரோகச் சட்டத்தை வைத்துத்தான்.

பிரிட்டன் தன் வீட்டில் ராஜத்துரோகத்தையும் கிரிமினல் அவதூறையும் 2009லேயே நீக்கிவிட்டது. நாம் 2023ல் புதுச் சட்டம் எழுதியபோதும் இரண்டையும் விடவில்லை. 124ஏ என்ற எண் போய் 152 வந்தது. 500 போய் 356 வந்தது.

யாழ்_பனங்காடு எழுதியது:

ரீச்சர் சொன்னதோட எங்கட கதையையும் சேர்க்கவேணும். இலங்கையில் 2002ஆம் ஆண்டே குற்றவியல் அவதூறுச் சட்டத்தை நீக்கிப்போட்டினம். அப்ப நாங்கள் எல்லாரும் நல்ல காலம் வந்திட்டுது எண்டு நினைச்சம். பிறகு ஜே. எஸ். திசைநாயகம் எண்ட தமிழ் ஊடகவியலாளரை 2008இல் பிடிச்சு, தன்ர சஞ்சிகையில் எழுதின கட்டுரைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2009 ஆகஸ்டில் இருபது வருசக் கடூழியச் சிறை குடுத்தவை. எழுதினதுக்காக அந்தச் சட்டத்தில் தண்டிக்கப்பட்ட முதல் ஊடகவியலாளர் அவர். சர்வதேச அழுத்தம் கூடினபடியால் அடுத்த வருசம் மன்னிப்புக் கிடைச்சது. ஆனால் நாட்டில இருக்கேலாமப் போச்சு.

ஒரு சட்டத்தை எடுத்தால் இன்னொண்டு வரும். 2024 பெப்ரவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்திட்டுது. ஒரு ஆணைக்குழு ஒரு கூற்றைப் பொய் எண்டு தீர்மானிக்கலாம், நீக்கச் சொல்லலாம். ஊர்ப் பக்கத்தில் காணி பிரச்சினையை எழுதுற பெடியளுக்கு வழக்கே வேண்டாம். விசாரணைக்குக் கொழும்புக்கு வா எண்டு ஒரு கடிதம் காணும். பஸ் காசு, ஒரு நாள் வேலை, வீட்டில அம்மாவின்ர அழுகை. ரெண்டாம் தரம் கடிதம் வந்தால் காணியைப் பற்றி எழுதுறதை விட்டிட்டுக் கோயில் திருவிழாவைப் பற்றி எழுதத் தொடங்கிடுவான்.

கெடிலக்கரை அண்ணா, அந்த விவசாயியைத் தனிய விட்டிடாதேங்கோ.

பண்ருட்டிக்காரன் எழுதியது:

நீங்கள் எல்லாரும் சொல்வது அரசாங்கத்தைப் பற்றி. போலீஸ், ராஜத்துரோகம், பயங்கரவாதம். அதெல்லாம் அநியாயம்தான். ஆனால் தனியார் ஒருவர் கோர்ட்டுக்குப் போவது அவருடைய உரிமை. அதையும் அடக்குமுறை என்றால் எப்படி?

புதுவை_கறுப்புக்கோட்டு எழுதியது:

நல்ல கேள்வி. கோர்ட்டுக்குப் போவது எல்லாருடைய உரிமை. எதற்காகப் போகிறார் என்பதுதான் விஷயம். ஜெயிப்பதற்காகப் போகிறாரா, எதிராளியை ஓய்ந்துபோக வைப்பதற்காகப் போகிறாரா?

மால்ட்டா நம் புதுச்சேரியைவிடச் சின்ன நாடு. அங்கே டாஃப்னி கருவானா கலிசியா என்ற பெண் தன் வலைப்பூவில் அமைச்சர்கள், வங்கிகள், கடவுச்சீட்டு வியாபாரம் எல்லாவற்றையும் எழுதினார். அமைச்சர் ஒருவர் போட்ட வழக்கில் தீர்ப்புக்கு முன்பே அவருடைய வங்கிக் கணக்கை முடக்கினார்கள். 2017 அக்டோபரில் கார் குண்டில் கொல்லப்பட்டபோது அவர் மேல் நாற்பதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. போட்டவர்களில் பலர் தனியார்கள், வியாபாரிகள். அவர் செத்த பிறகும் பல வழக்குகள் வாரிசுகள் மேல் தொடர்ந்தன. அவர் பிள்ளைகளும் மற்றவர்களும் போராடித்தான் 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்ட நெறியைக் கொண்டுவந்தது. பொது விஷயத்தில் பேசுபவரை ஓயவைக்கப் போட்ட ஆதாரமற்ற வழக்கு என்று தெரிந்தால் ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்யலாம், செலவு முழுவதையும் வழக்குப் போட்டவர் தலையில் கட்டலாம். ஆனால் எல்லை தாண்டிய சிவில் வழக்குகளுக்கு மட்டும்தான் அது கட்டாயம்.

பிலிப்பைன்ஸில் மரியா ரெஸ்ஸா என்ற பத்திரிகையாளர். அவருடைய தளத்தில் 2012 மே மாதம் ஒரு தொழிலதிபர் பற்றிச் செய்தி வந்தது. இணைய அவதூறுச் சட்டம் வந்ததே அந்த செப்டம்பரில்தான். 2014ல் அந்தச் செய்தியில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார்கள். அதை மறுபிரசுரம் என்று எடுத்துக்கொண்டு 2020ல் குற்றவாளி என்று தீர்ப்பு. அடுத்த வருஷம் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு. பரிசு வாங்க ஆஸ்லோ போவதற்கே கோர்ட்டில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

குவாத்தமாலாவில் வேறு மாதிரி. ஹோசே ரூபன் சமோரா என்ற பத்திரிகையாளரை 2022ல் பிடித்தது பண மோசடிக் குற்றச்சாட்டில். எழுத்தைப் பற்றி வழக்கில் ஒரு வார்த்தை கிடையாது. அவருக்காக வாதாடிய வக்கீல்கள் மேலும் வழக்குப் போட்டார்கள். அடுத்த வருஷம் அவர் நிறுவிய எல் பெரியோடிகோ நாளிதழ் மூடப்பட்டது. நம் ஊரிலும் இது தெரியாத வித்தை இல்லை. ஹாத்ரஸ் போகிற வழியில் 2020 அக்டோபரில் பிடிபட்ட நிருபர் சித்திக் கப்பனுக்கு உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் ஜாமீன் கொடுத்தும், அமலாக்கத்துறை வழக்கு தனியாக இருந்ததால் 2023 பிப்ரவரியில்தான் வெளியே வர முடிந்தது. நியூஸ்கிளிக் செய்தித்தள ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவை 2023 அக்டோபரில் கைது செய்தார்கள். கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுக்கவில்லை, அதனால் கைதே செல்லாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏழு மாதம் போய்விட்டது.

இந்தியாவில் ஐரோப்பா மாதிரிச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு தீர்ப்பு இருக்கிறது. 2024 மார்ச்சில் ப்ளூம்பெர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊடகத்துக்கு எதிராக இடைக்காலத் தடையைக் கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிடக் கூடாது, விசாரணைக்கு முன்பே தடை கொடுப்பது அந்த எழுத்துக்கு மரண தண்டனை மாதிரி ஆகிவிடலாம் என்று கீழ்க் கோர்ட்டுகளை எச்சரித்தது. பணபலம் உள்ளவர்கள் வாயடைப்பதற்காகப் போடும் வழக்குகளையும் அதில் குறிப்பிட்டார்கள். தம்பி, உங்கள் மேல் ஒருதலையாகத் தடை வாங்க முயன்றால் முதல் நாளே அந்தத் தீர்ப்பைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒயிட்_டவுன்_சைக்கிள் எழுதியது:

பத்திரிகையாளருக்கு மட்டும் இல்லை. 2012ல் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு சிறுதொழில் முனைவர் மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதியதற்காக தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கைதானார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அப்போது இருபது பேர்கூட இல்லை. அமைச்சர் மகன் கொடுத்த புகார், விடியற்காலையில் வீட்டு வாசலில் போலீஸ். நாங்கள் அன்றைக்கு ஆடிப்போனோம்.

2015 மார்ச்சில் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் அந்தப் பிரிவையே உச்ச நீதிமன்றம் தூக்கியெறிந்தது. அதற்குப் பிறகும் பல மாநிலங்களில் போலீஸ் அதே செத்த பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்ததை 2021ல் நீதிமன்றத்தில் காட்டினார்கள். சட்டம் ரத்தானது ஸ்டேஷன் ரைட்டருக்குப் போய்ச் சேர ஆறு வருஷம் போதவில்லை.

முதுநகர்_பழைய_டெஸ்க் எழுதியது:

போனைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். இப்போது நிருபரை மிரட்ட வேண்டுமென்றால் முதலில் கேட்பது போன்தான். உள்ளே எல்லா ஆதாரமும், யார் யார் தகவல் சொன்னார்கள் என்பதும் இருக்கிறது. தகவல் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கும் உரிமை நமக்குச் சட்டத்தில் முழுசாக இல்லை. பிரஸ் கவுன்சில் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் அது கவுன்சில் நடத்தும் விசாரணைக்கு மட்டும். அண்ணா பல்கலைக்கழக வழக்கில் முதல் தகவல் அறிக்கை வெளியான விவகாரத்தில் சென்னை நிருபர்கள் சிலரின் போன்களைச் சிறப்புப் புலனாய்வுக் குழு வாங்கி வைத்துக்கொண்டது. திருப்பிக் கொடு என்று 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பத்திரிகையாளர் மன்றம் போய் நின்றதால் அது நடந்தது. தாலுகா நிருபருக்கு எந்த மன்றம்? பெரிய நாளிதழ்களிலேயே, "அவர் எங்கள் ஊழியர் இல்லை" என்று நோட்டீஸுக்குப் பதில் எழுதிவிடுகிறார்கள். அந்த வரியை என் கண்ணால் படித்திருக்கிறேன். அதை எழுதியவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் நோட்டீஸ் விட்டவர்கள் மேல்கூட இல்லை.

இன்னொன்று, மனை விற்பவர் யார், நிலம் யார் பேரில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதும் இனிச் சிரமம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றிவிட்டது. முன்பு பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் கொடு என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டார்கள். 8(2)ல் பொதுநலன் வாசகம் இன்னும் இருக்கிறது. மனு எழுதும்போது அதை மறக்காமல் குறிப்பிடுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மறுப்பு நோட்டீஸ் போயாகிவிட்டது. புதுவை ஐயா தனிமடலில் வரைவைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார், பணம் வாங்க மறுத்துவிட்டார். விவசாயிக்கும் சேர்த்து ஒரே வக்கீல். அவரிடம் ஜப்தி வராது என்று சொன்னேன். "அப்ப வாய்க்கால எப்ப தோண்டுவாங்க?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வீடியோவை எடுக்கவில்லை. ஆசிரியரிடம் இந்த இழையைக் காட்டினேன், இரண்டு நாள் யோசித்துவிட்டு இருக்கட்டும் என்றார். எதிர்த்தரப்பு விளக்கம் கொடுத்தால் அதே பக்கத்தில் சேர்ப்போம் என்று கீழே ஒரு வரி போட்டிருக்கிறோம். மற்ற இரண்டு விவசாயிகளில் ஒருவர் மட்டும் தன் முகத்தை மறைக்கச் சொல்லிவிட்டார். மறைத்தேன். அவருக்குக் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள், எந்த வம்பும் வேண்டாம் என்கிறார். நோட்டீஸ் வந்தது அவருக்குக்கூட இல்லை, பக்கத்து வயல்காரருக்கு.

பண்ருட்டிக்காரன் எழுதியது:

கெடிலக்கரை தம்பி, கிரிமினல் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கு இன்னும் முழுத் தெளிவு இல்லை. மைக்கோடு வந்தவர்களை நான் மறக்க மாட்டேன். பழைய டெஸ்க் ஐயா சொன்னபடி அவர்கள் மேல் பணம் பறிப்புப் புகார் கொடுக்க எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் பேசப் போகிறேன்.

உங்கள் விஷயம் வேறு. என் மைத்துனர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். புலப்படத்தை வைத்துக்கொண்டு, எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை வாய்க்கால் போனது என்று தரையில் காட்டத் தெரிந்தவர். கோர்ட் வரை போனால் கோர்ட் நியமிக்கும் ஆணையர் வந்து அளப்பார். அதற்கு முன்னால் உங்கள் பக்கம் கணக்கு சரியாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டிவருகிறேன். எல்லைக் கற்களைப் பிடுங்குவதற்குள் போட்டோ எடுத்துவிடுங்கள், தேதியும் இடமும் பதிவாகிற மாதிரி.

கெடிலக்கரை எழுதியது:

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள் அண்ணே, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த ஏரியில் முன்பு பொதுப்பணித்துறை மராமத்து செய்திருக்கிறது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். பழைய ஏரி விவரப் பதிவேட்டின் நகலோ, வரத்து வாய்க்கால் தூர்வாரிய மதிப்பீடோ யாரிடமாவது இருந்தால் தனிமடலில் அனுப்புங்கள். ஊர்ப் பெயரை அங்கே சொல்கிறேன்.